மூன்று தையலும் ஒரு சிவப்பு முடிச்சும்

இமெல்டாவின் வலக்கை மீன்சட்டியைக் கிளறும்; இடக்கைப் பெருவிரல் ஒரு துணிக்கீலத்தின் மேல் ஓடும். "பார்-ல-னோ." இத்தாலி மொழியில், அவர்கள் பேசுகிறார்கள். மூன்று அசைக்கு மூன்று தையல், ஊன்ற வேண்டிய முதலாவதில் சிவப்பு முடிச்சு. "பார்-லியா-மோ." நாங்கள் பேசுகிறோம். முடிச்சு நடுத்தையலுக்கு வந்துவிடும்.

1996ஆம் ஆண்டு. வாவிக்கு மேற்கே, அவள் இருக்கும் படுவான்கரையில் பற்றரி கிடையாது. பாலத்துச் சென்றியில் படையினர் சோதித்துப் பறித்துவிடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்து, பாலத்துக்கு அப்பால், வாவியின் மறுகரையில் தங்கை செசீலியா வீட்டில்தான், கணவன் நோபேட் இத்தாலியிலிருந்து அனுப்பும் ஒலிநாடாவைக் கேட்பாள். கேட்டதைத் துணியில் தைத்துக்கொண்டு போவாள். சிவப்பு நூல் அவன் உடுத்து விட்டுப்போன சாரனின் கரையில் உருவியது.

"நாம எல்லாத்தையும் ஒரே தட்டாத்தானே சொல்லுறம். இஞ்ச ஒரு இடத்தில ஊண்டிச் சொல்லணும், புள்ள," என்பான் நாடாவில். பிறகு இருமுவான். அந்த இருமலுக்காகவே அவள் குனிந்து காதைக் கிட்ட வைப்பாள். 'அர்-ரீ-வோ', வந்து சேர்கிறேன், என்ற சொல்லை ஒருதரம் சொல்லிக் காட்டிவிட்டு, "இது டிக்கட் சரிவந்தாப் பிறகு" என்று கடந்துவிடுவான். அவளும் அதைத் தைக்கவில்லை.

"என்ன கா, முடிச்சுப் போட்டே இத்தாலிக்குப் போயிருவியா?" என்பாள் அடுத்தவீட்டு ஆச்சிப்பிள்ளை.

"உங்கட வாய்க்கும் ஒண்டு வெச்சிருக்கன், மாமி."

பெப்ரவரி 18, ஞாயிறு. பலர்மோ நகரில் நோபேட் வேலைசெய்யும் வீட்டு முதியவள், இமெல்டாவின் பேச்சைத் தொலைபேசியில் கேட்ட பிறகே அவளை அழைக்கும் கடிதத்தில் கையெழுத்திடுவாளாம். மற்ற நாட்களில் சட்டைக்குள் இருக்கும் கீலத்தை அன்று பதற்றத்தில் கையிலேயே பிடித்துப் போனாள். சென்றியில் சிப்பாய், ஏதோ இரகசியக் குறியோ என்று முடிச்சுகளை எண்ணிப் பார்த்தான்.

"பாடம், சேர்," என்றாள்.

அவன் திருப்பித் தரவில்லை.

முத்தலிப்பின் கொமினிகேஷன் கடையில், 3.20க்குத் தொலைபேசி மணி அடித்தது. அவள் சொன்னதெல்லாம் ஒரே தட்டாக வந்தது. முதியவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஊண்டிப் பேசு, புள்ள," என்று நோபேட்டின் குரல் தூரத்தில் கேட்டது.

அங்கே என்ன செய்கிறாய் என்று முதியவள் மறுபடி கேட்டாள். இமெல்டா சேலைத் தலைப்பில் மூன்று மடிப்புப் பிடித்தாள். நடுமடிப்பில் நகம் இறங்கியது.

"அ-ஸ்பெத்-தோ."

காத்திருக்கிறேன். முதியவள் ஏதோ வேகமாகச் சொல்லிச் சிரித்தாள். "கையெழுத்து வைக்கிறாவாம், புள்ள," என்று சொல்லி நோபேட் இருமினான்.

பொழுதுபடும்போது இமெல்டா வாசலில் புதுக்கீலம் ஒன்றோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று தையல் போட்டு, நடுவில் சிவப்பு நூலைச் சுற்றினாள்.

"இது புதுச் சொல்லாக் கிடக்கு. என்ன கா?" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"அர்-ரீ-வோ," என்று இமெல்டா முடிச்சை இறுக்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.