பன்னிரண்டாம் கால்

கார்பாலிக் சோப்பின் வாடை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அது மூக்கில் ஏறினாலே போதும், என் கைகள் தாமாகவே வேட்டியில் துடைத்துக்கொள்ளும். சிவந்த நுரை கண்ணுக்குள் பொங்கும். அந்தச் சிவப்பு சோப்பின் நிறம் மட்டுமல்ல.

அறுபதுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் ஒரு மில்லில் நான் கணக்கெழுதும் ரைட்டர். அவிநாசிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு துண்டு மேட்டுக்காடு வாங்கியிருந்தேன். மண்ணைவிடப் பாறை மிகுந்த பூமி. பாதி வெட்டிய கிணற்றோடு கைக்கு வந்தது. எங்கள் ஊர் மாதா கோவிலில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் ஏற்பாடுகள் என் பொறுப்பு. அன்று சாமியார் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரைப் பொறுக்குகிறவன் நான்.

கோவிலில் எப்போதும் கடைசியில் தரையில் உட்காருவார் ஒருவர். பண்ணையத்தில் கூலிவேலை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் பூசை முடிந்து கேட்டேன்.

"காலு கழுவறதுக்கு உன்னையச் சேத்துக்கட்டுமா?"

அவர் சிரித்தேவிட்டார். "ஏனுங்க ரைட்டரு, ஏழை பாழைகிட்ட வெளையாடறீங்களா? நெசமாலுமே சாமி எங்காலைத் தொடுவாருங்களா?"

"தொடறதென்ன, முத்தமே குடுப்பாரு. அதுக்கு முன்னால தபசு காலம் நாப்பது நாளும் ஒடம்பை வருத்தி ஏதாச்சும் ஒறுத்தல் பண்ணோணும். நம்ம கெணத்தைக் கொஞ்சம் தோண்டிப் போடேன்."

கூலி என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. முத்தம் என்று சொன்னேன். தூண்டில் போடுகிறவனுக்குப் புழு எதுவானால் என்ன? நான் அன்பைக் கோத்துப் போட்டேன்.

நாற்பது நாள். பண்ணையத்து வேலை முடிந்து, பொழுது சாயும் முன் கிணற்றில் இறங்குவார். கடப்பாரை, சம்மட்டி, முழங்கால் வரை சேற்றுத் தண்ணீர். பாறைச் சில்லுகள் தெறித்துக் கால்களைக் கிழிக்கும். நான் மேலே நின்று எட்டிப் பார்த்து, "ஜெபம் சொல்லிக்கிட்டே வெட்டு" என்பேன். சொல்லிக்கொண்டே வெட்டினார். அந்தப் பள்ளத்திலிருந்து ஜெபமும் கல்லின் ஓசையும் சேர்ந்து ஏறி வரும். எனக்கு அது இனிமையாக இருந்தது.

ஒருநாள் அவர் மனைவி கஞ்சிப் போசியோடு வந்தாள். "ஏனுங்க, இவரு காலை எங்கூட்டு நாயே மோந்து பாக்காதுங்க. சாமி முத்தங் குடுக்கப் போறாராக்கும்! தெருப்பூராச் சொல்லிவெச்சிருக்கறாருங்க."

"நீ பொறாமையில சாவு, புள்ள" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. மூவரும் சிரித்தோம்.

பெரிய புதன்கிழமை ஊற்றுக்கண் திறந்தது.

மறுநாள் மாலை, சடங்குக்கு முன்பு, பன்னிரண்டு பேரையும் கோவில் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியருகே நிறுத்தினேன். அது என் வழக்கம். சாமியார் கழுவும் முன் கால்களை நான் கழுவிப் பார்த்துவிடுவேன். அழுக்குக் கால்மேல் சாமியாரின் உதடு படலாமா? பதினோரு கால்கள் தேறின. பன்னிரண்டாவது அவருடையது. விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெளுத்துப் பிளந்திருந்தது. குதிகாலில் வெடிப்பு. புறங்காலில் சில்லு கிழித்த காயம், ஆறத் தொடங்கிய பொருக்கு.

சோப்பும் தேங்காய் நாரும் எடுத்துத் தேய்த்தேன். பொருக்கு பெயர்ந்தது.

"வலிக்குதா?"

"இல்லீங்க. இன்னுஞ் சித்த அழுத்தித் தேயுங்க. கறை போகட்டுமுங்க."

நுரை சிவந்தது. துணியை வைத்து அழுத்தினேன், நிற்கவில்லை. உள்ளே பீடத்தருகே, சாமியார் கால் துடைக்கப் புதிய வெள்ளைத் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இது ஆகாது. நீ பின்னால போய் நில்லு."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவசரமாக மற்றக் காலை நீட்டினார். "எடது காலுல ரத்தமில்லீங்க. அதைக் காட்டறனுங்க. பாருங்க, பாருங்க."

"வலது காலுதான் முறை."

கிணறு வெட்டி முடிந்திருக்காவிட்டால் அந்தக் காலைக் கண்டு நான் முகம் சுளித்திருப்பேனா? இருபது வருடமாக இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போடுகிறேன். சுளித்திருக்க மாட்டேன். இடது காலே முறை என்று சாமியாரிடம் வாதாடியிருப்பேன்.

மணி அடித்துவிட்டது. பெஞ்சில் ஓர் இடம் காலி. நானே செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். நாற்பது நாளும் மேட்டில் நின்ற கால். சாமியார் மண்டியிட்டார், தண்ணீர் வார்த்தார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். அவர் மீசை கூசியது. இயேசு காலைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கழுவியதாக நான் கேட்டதில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிற சீடனுடைய காலையும்தானே கழுவினார். எனக்கும் கழுவப்பட்டது. அது மன்னிப்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. நான் நிமிர்ந்தபோது, கடைசித் தூணருகே கிணறு வெட்டியவர் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடு ஈனும் தறுவாய் என்று அவர் மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டாள். தெருக்காரர்களும் யாரும் வரவில்லை. பூசை முடிந்து வாசலில் அவர் எனக்காகக் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"ஏனுங்க ரைட்டரு, தண்ணி சில்லுன்னு இருந்துச்சுங்களா?"

"இல்ல. வெதுவெதுன்னு இருந்துச்சு."

"சாமி மீசை குத்துச்சுங்களா?"

"கூச்சமா இருந்துச்சு."

"சரிங்க. ஊட்டுல கேட்டா நானும் அப்படியே சொல்லிப்போடறனுங்க. நீங்க காட்டிக் குடுத்துராதீங்க. வாரனுங்க."