மீன்செதில் ஒட்டிய சப்பாத்து

இத்தாலியில், பலேர்மோ நகரத்தில் இருந்த வருடங்களில் நான் மிகக் கவனமாக எழுதியது ஒரு பெயர்ப் பட்டியல். தட்டச்சில் இரண்டு பக்கம். பெயர், பிறந்த ஊர், எந்த மாடி, எப்போதிருந்து குடியிருக்கிறார் என்று நான்கு நிரல்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. அந்த வீட்டில் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒன்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். தொண்ணூறுகளில் பலேர்மோவின் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்யோராவின், அதாவது ஒரு அம்மையாரின், வீட்டில் தரை துடைத்துச் சமைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, யூதர். அந்த நகரத்தில் யூதர்கள் மிகச் சிலரே. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் அவருடைய மேசையைச் சுற்றி இருப்பார்கள். கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பத்துப் பேர் சேர்ந்ததை நான் கண்டதில்லை. மெழுகுதிரி ஏற்றி ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த பிறகு நகரத்து விஷயங்களைப் பேசுவார்கள்: எந்தத் தெருவில் தண்ணீரை வெட்டினார்கள், எந்தப் பள்ளிக்கூடம் வெளிநாட்டுப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தது. அடுத்த வாரம் அவர்களில் இரண்டு பேர் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள். அவர்களுடைய அமைப்புக்குப் பெயர் கிடையாது.

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் மரத்தடிகளால் முட்டுக்கொடுத்து நின்ற ஒரு வீட்டைப் பற்றிய பேச்சும் அப்படித்தான் வந்தது. அந்த வீட்டில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு உத்தரம் இறங்கியதும், கட்டடம் ஆபத்தானது, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று நகரசபையார் கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள். குடியிருப்பதாக நிரூபிப்பவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில் மாற்று அறையும் வதிவிடக் கடிதமும் கிடைக்கும். அந்தக் கடிதம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ என்ற தங்குமிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. வீட்டுச் சொந்தக்காரரோ, தமிழர் எவரும் தன் வீட்டில் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

ஐவரில் ஒருவர் வழக்கறிஞர். ஐந்நூறு வருடங்களுக்கு முன் யூதர்கள் குடியிருந்து, அரச கட்டளையால் வெளியேற்றப்பட்ட தெருக்கள் அவை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். "ஒரு பட்டியல் வேண்டும்," என்றார். "ஒரே தடவைதான். முத்திரை விழுந்த பிறகு ஒரு பெயரைக்கூடச் சேர்க்க விடமாட்டார்கள்."

பட்டியல் என்ற சொல்லைக் கேட்டதும் சின்யோரா ரொட்டியைக் கீழே வைத்தார். மற்றவர்கள் போன பிறகு, நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"பாசிசக் காலத்தில் யூதர்களைக் கணக்கெடுக்கப் படிவம் வந்தது. அப்பா நல்ல மை எடுத்து எழுதினார். நாங்கள் எல்லோரும். எங்களோடு தங்கியிருந்த சித்தியும். அன்றைக்குச் சித்தி வீட்டில் இல்லை. எழுதாமல் விட்டிருக்கலாம். அப்பா பொய் எழுதாதவர்." சித்தியைப் பிறகு வடக்கே ஒரு நகரத்தில் பிடித்தார்கள் என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

வியாழன் பின்னேரம் எனக்கு ஓய்வு. அன்று சின்யோராவும் என்னோடு அந்த வீட்டின் படிகளில் ஏறினார். நான் பெயர்களை எழுத, அவர் ஆட்களைச் சரிபார்த்தார். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ணவில்லை. அவர்கள் வழக்கத்தில் மனிதர்களை எண்ணக்கூடாதாம். "ஒன்று இல்லை, இரண்டு இல்லை, மூன்று இல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் அதை விளக்கியதும் இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி சிரித்தாள்.

"கணக்குப் படிப்பிச்ச மனுசியாம். எண்ணத் தெரியேல்லையே?"

"பேசாமல் இருமப்பா," என்றார் அவளுடைய கணவர். "என்ரை அம்மாவும் பிள்ளையளை எண்ண விடமாட்டா. கண்ணூறு படும்."

மூன்றாம் மாடியில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா இருந்தார். என்னைவிட இளையவர்தான், ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவர், கணவர், இரண்டு பிள்ளைகள், கடைசித் தம்பி. தம்பிக்கு இருபத்தைந்து வயது, கபோச் சந்தையில் மீன்கடை வேலை. நான்கு பெயர்களைச் சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினார்.

"தம்பியின்ரை பேரைப் போடாதேங்கோ அண்ணை."

"இது அங்கை ஊரிலை ஆமி எடுக்கிற லிஸ்ட் இல்லை. இஞ்சை பேர் இல்லாட்டித்தான் கரைச்சல்."

"எல்லா லிஸ்ட்டும் முதல்ல அப்பிடித்தான். பெரியண்ணன்ரை பேரை ஆமிக்காரன் கேட்கேக்கை அம்மா வடிவாச் சொன்னவ. எழுத்துக்கூட்டிச் சொன்னவ."

தம்பி யன்னலடியில் சிகரெட்டோடு நின்றான். "என்ன அண்ணை, அப்ப நான் ஆவியோ?"

"வாயை மூடடா," என்றார் அக்கா.

"நல்லதுதானே. இல்லாத ஆளை ஆர் பிடிக்கிறது?"

ஊரில் இளைஞர்களின் பெயரை வீட்டுப் பட்டியலில் எழுதாமல் விட்டுவிடுவது எல்லோருக்கும் பழக்கம். என் வீட்டிலும் செய்திருக்கிறோம். ஆனால் வழக்கறிஞர் சொன்னதை என் காதால் கேட்டவன் நான். அதை முழுதாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்து, கேட்கக்கூடாத இடத்தில் கேள்வி கேட்ட நிருபரைப் போல உணர்ந்தேன்.

"இந்த அறையில் எத்தனை பேர்?" என்று சின்யோரா இத்தாலிய மொழியில் கேட்டார்.

"நான்கு," என்றேன்.

அவர் வாசலுக்கு வெளியே பார்த்தார். எங்கள் வழக்கப்படி பாதணிகளைக் கழற்றி விட்டிருந்தார்கள். ஓரத்தில் பெரிய ரப்பர் சப்பாத்து ஒரு சோடி, காய்ந்த மீன்செதில்கள் ஒட்டியபடி. அக்காவின் கணவர் வங்கி ஒன்றில் தரை துடைப்பவர் என்று சற்று முன்தான் நான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தேன். சின்யோரா சப்பாத்தைப் பார்த்தார், யன்னலடியில் நின்றவனைப் பார்த்தார். "நான்கு இல்லை," என்று தன் வழக்கப்படி முணுமுணுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து இறங்கத் தொடங்கினார். அவர் மனதில் சித்தி இருந்திருப்பார். இது என் ஊகம், அவரிடம் உறுதிப்படுத்தவில்லை.

பட்டியல் ஏற்கப்பட்டது. ஒரு அதிகாரி புதிய கட்டடத்தின் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்து உள்ளே விட்டார். அறைக்கு இத்தனை பேர்தான் என்பதில் கண்டிப்பாக இருந்தார். தம்பி ஒரு பையும் சப்பாத்துமாகத் தெருவின் மறுபக்கம் நின்றான். பிறகு பழைய வீட்டுக்கே திரும்பிப் போனான். தண்ணீரும் மின்சாரமும் வெட்டிய வீடு.

நான் வழக்கறிஞரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இப்போது ஒரு பெயரைச் சேர்க்கக் கேட்டால், மற்றப் பெயர்களும் பொய் என்பார் சொந்தக்காரர்," என்றார். ஐவரும் கூடிப் பேசினார்கள். சின்யோரா, தம்பி தன் வீட்டில் குடியிருப்பதாகப் பதிவு செய்வது என்று முடிவானது. கடவுச்சீட்டோடு வியாழக்கிழமை வரச் சொன்னார். அக்கா இந்த முறை மறுக்கவில்லை.

"ஓம், எழுதுங்கோ. நானே கூட்டிக்கொண்டு வாறன்."

வியாழக்கிழமை அக்கா தனியாகத்தான் வந்தார். இரண்டு நாளாகத் தம்பி வேலைக்கு வரவில்லை என்று மீன்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வடக்கே போகும் ரயிலில் கண்டதாக ஒருவர் சொன்னார். ஜெர்மனிக்கு என்றார் இன்னொருவர். இரண்டையும் உறுதிப்படுத்த எனக்கு வழி கிடைக்கவில்லை. கடிதமும் தொலைபேசி அழைப்பும் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, காணவில்லை என்று எழுதிக் கொடுக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குப் போனோம். அக்கா, சின்யோரா, மொழிபெயர்க்க நான். அலுவலர் மரியாதையானவர். சின்யோராவுக்குக் கதிரை எடுத்துப் போட்டார்.

"பலேர்மோவில் கடைசியாகப் பதிவான முகவரி?"

இல்லை. தம்பியின் தங்குமிட அனுமதி இன்னும் காலாவதியாகவில்லையா என்று அலுவலர் தேடினார். அது ரோமாபுரியில் எடுத்தது, பழைய முகவரி, முடிந்துபோனது. அந்த வீட்டில் இருந்தவர்களின் பட்டியலைக் கொண்டுவரச் செய்தார். என் இரண்டு பக்கங்கள். விரலால் மேலிருந்து கீழே போனார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இந்தப் பட்டியல்படி உங்கள் அறையில் நான்கு பேர். அவர் பலேர்மோவில் இருந்ததற்கு என்ன சாட்சி?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"நான் பேரைப் போடாதேங்கோ எண்டு சொன்னால் நீங்கள் ஏன் அண்ணை அதைக் கேட்டனீங்கள்? படிச்ச ஆள்தானே நீங்கள்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அக்கா என்ன சொன்னார் என்று சின்யோரா கேட்கவும் இல்லை. கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அலுவலரிடம் சொன்னார்: "நான் சாட்சி. அவனுடைய சப்பாத்தைக் கண்டேன். அதில் மீன்செதில் இருந்தது."

அலுவலர் பேனாவைப் பிடித்தபடி படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். படிவத்தில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தார்.