நியாயமற்ற சுமை

பொனாரியா ஸ்கிரு, தான் குடியிருந்த பெல்ஜிய ஊரின் நகராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது தலையில் கட்டிய வலையைக்கூடக் கழற்றவில்லை. பள்ளிச் சமையலறையில் மதியச் சூப் ஊற்றி முடித்திருந்தாள். பாத்திரம் கழுவத் தொடங்குவதற்குள் அரை மணி நேரம் இருந்தது. அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

முகப்பில் இருந்த இளம்பெண் அட்டையை வாங்கிக் கணினியில் எதையோ தட்டினாள். உள்ளே போனாள். திரும்பி வந்தவள் கையில் அட்டை இல்லை, ஒரு காகிதம்தான் இருந்தது.

"மதாம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

"புது அட்டைக்கா?"

"இல்ல மதாம். முப்பது நாளுக்குள்ள நீங்க நாட்ட விட்டுப் போகணும்னு உத்தரவு வந்திருக்கு."

பொனாரியா சிரித்துவிட்டாள். "வேற யாரோடதையோ எடுத்துட்டு வந்திருக்கீங்கம்மா. நான் இத்தாலிக்காரி, ஐரோப்பிய ஒன்றியத்துக்காரி."

"உங்க பேர்தான் மதாம். பிறந்த தேதியும் உங்களோடதுதான்."

அப்புறம்தான் அவள் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினாள். மூன்று முறை படித்தாள். 'இந்நாட்டின் சமூக உதவி அமைப்புக்கு நியாயமற்ற சுமை' என்று இருந்தது. சுமை என்ற சொல்லைத் தாண்டிக் கண் நகரவே இல்லை. எங்கே கையெழுத்துப் போட்டாள், எப்படி வாசலுக்கு வந்தாள் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இத்தாலியின் சார்தீனியத் தீவில் மீன் டப்பா அடைக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் அவள். அது மூடியதும், நாற்பத்தேழு வயதில், கப்பலேறி ரயிலேறி பெல்ஜியத்துக்கு வந்தாள். மியூஸ் ஆற்றங்கரையின் இந்த ஊரில் ஒரு காலத்தில் நிலக்கரி வெட்ட அவள் தீவுக்காரர்களை ரயில் ரயிலாக அழைத்து வந்தார்கள். இடுகாட்டில் ஸ்கிரு என்ற பெயரிலேயே இரண்டு கல்லறைகள் இருந்தன. இரண்டு வருடம் ஓர் உணவகத்தில் தட்டு கழுவினாள். உணவகம் நொடித்துப்போனது. சமூக உதவி அலுவலகத்துக்குப் போனபோது, "சும்மா காசு தர மாட்டோம், வேலை தர்றோம்" என்று அவர்களே ஒப்பந்தம் போட்டுப் பள்ளிச் சமையலறைக்கு அனுப்பினார்கள். விடியுமுன் எழுந்து பெரிய அண்டாக்களைத் தூக்கினாள். சம்பளச் சீட்டு வந்தது, வரியும் பிடித்தார்கள். அந்தச் சம்பளத்துக்குத்தான் இப்போது தர்மம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மறுநாள் சமையலறையில் அவளுடைய மேலங்கி மாட்டும் கொக்கி காலியாக இருந்தது. அட்டை இல்லாதவளை வைத்துக்கொள்ள முடியாதாம். தலைமைச் சமையல்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் வெங்காயத்தையே நறுக்கிக்கொண்டிருந்தார்.

நேராகப் பக்கத்து வீட்டு யமீனாவிடம் போனாள். மொரோக்கோவிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கேயே இருப்பவள், வாயாடி. காகிதத்தைப் பார்த்ததும் கெக்கலித்தாள்.

"அடியே, இது எங்களுக்கு வர்ற காகிதம்டி! உனக்கு எப்படி வந்துச்சு? தபால்காரன் கதவு மாத்திப் போட்டுட்டானா?"

பொனாரியா காகிதத்தில் தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். யமீனாவின் சிரிப்பு அடங்கியது. மறுபடி படித்தாள். "யா அல்லா... நெஜமாவே உனக்குத்தானா?"

இரண்டு குளிர்காலத்துக்கு முன் யமீனாவின் தம்பிக்கு இதே போல் ஒரு காகிதம் வந்தது. 'காகிதமெல்லாம் சரியா இருந்தா யாரும் தொட மாட்டாங்க யமீனா' என்று அன்று ஆறுதல் சொன்னவள் பொனாரியா. அவன் நாட்டைவிட்டே போய்விட்டான். பொனாரியா காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

"அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்..."

"ஞாபகம் இருக்கு. ஒரு மாசம் உன் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்." யமீனா தட்டில் ரொட்டியை வைத்தாள். "முதல்ல சாப்பிடு. அழறதுக்கும் தெம்பு வேணும்."

தொழிற்சங்க அலுவலகத்தில் வியாழக்கிழமைதோறும் இலவசமாக ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர் லோர்கேயிடம் மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவளை ஒருவழியாக யமீனாதான் இழுத்துப்போனாள். லோர்கே உத்தரவைப் படித்துவிட்டு ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். அதே வரிகள், அதே சுமை. பெயர்கள் மட்டும் வேறு: ஸ்பெயின்காரர், ருமேனியர், போர்த்துகல் பெண்.

"இவங்க எல்லாரும் ஒன்றியத்துக்காரங்களா?" பொனாரியா கேட்டாள்.

"எல்லாரும்தான். எங்க வேணா போய் வேலை செய்யலாம்னு சட்டம் இருக்கு. வேலை போய் உதவின்னு கை நீட்டினா, அதே சட்டத்துல ஒரு சின்ன கதவு இருக்கு மதாம். வெளிய தள்றதுக்கு."

"இவங்க இப்ப எங்க?"

"முக்கால்வாசிப் பேர் போயிட்டாங்க. வெட்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம போயிட்டாங்க. நீங்க இருபத்தாறாம் நாள் வந்திருக்கீங்க. மேல்முறையீடு பண்ண இன்னும் நாலு நாள் இருக்கு."

வெட்கம் அவளுக்கும் இருந்தது. தீவிலிருந்த அக்காவிடம் கடைசிவரை மூச்சு விடவில்லை. ஆனாலும் மேல்முறையீட்டில் கையெழுத்துப் போட்டாள். சம்பளச் சீட்டுகள் பதினெட்டையும் லோர்கே வரிசையாக இணைத்தார். வழக்கு முடியும்வரை தங்கலாம் என்று மாதத்துக்கொரு தற்காலிகக் காகிதம் கிடைத்தது. அதைக் காட்டினால் எந்த முதலாளியும் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான். யமீனாவின் தையல் மேசையில் பொத்தான் தைத்தே எட்டு மாதத்தை ஓட்டினாள்.

தீர்ப்பு இரண்டே பக்கம். அவள் செய்தது வேலைதான், வாங்கியது கூலிதான், உத்தரவு செல்லாது. லோர்கே படித்துக் காட்டியபோது பொனாரியாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. அண்டா தூக்கினால் அது வேலை என்று சொல்ல மூன்று நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்ததா என்றுதான் திகைத்தாள். பள்ளிச் சமையலறையில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது.

அங்கே சேர்ந்த மூன்றாவது வாரம் நகராட்சியிலிருந்து ஓர் உறை வந்தது. பொனாரியா அதை மேலங்கிக்குள் செருகிக்கொண்டாள். பிரிக்காமலே யமீனா வீட்டுக்கு ஓடினாள். யமீனா கிழித்துப் படித்தாள். பொனாரியா வாசலிலேயே நின்று கேட்டாள்.

"என்னடி, மறுபடியும் போகச் சொல்றாங்களா?"

"ஓட்டுப் போட வரச் சொல்றாங்கடி! நகராட்சித் தேர்தலாம். ஒன்றியத்துக்காரங்க இந்தப் படிவத்த நிரப்பிப் பேர் பதியலாமாம். 'உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்'னு வேற எழுதியிருக்கான் பாரு."

பொனாரியா காகிதத்தைப் பிடுங்கித் தானே படித்தாள். கீழே அதே முத்திரை, அதே அலுவலகம். நாற்காலியை இழுத்துத் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பேனா குடு," என்றாள்.