கேட்காத பதினைந்து மாதம்

என் தங்கையை மாமன் மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்தோம். ஐந்தாம் வருஷம் ஊர்க்கூட்டத்தில் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். அவள் தனக்கென்று கேட்க ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு மாதம் நான்கு ரூபாய் ஜீவனாம்சம் தரவேண்டும் என்று மதுரைக் கோர்ட்டில் உத்தரவானது. இரண்டு மாதம் கட்டினான். அதோடு சரி.

தங்கை பிள்ளையோடு திருவாதவூரில் எங்கள் அம்மா வீட்டில் இருந்தாள். நான் மதுரையில் ஒரு மண்டியில் மிளகாய் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்துப் பாக்கிக்கு மனுப்போட வேண்டியது என் பொறுப்பு. உத்தரவுக் காகிதமும் என்னிடம்தான் இருந்தது.

குமாஸ்தா வீடு இரண்டு தெரு தள்ளி. போவேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்கும். தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புவேன். மறுபடி வாசல், மறுபடி முனை. சொந்த மாமன் மகன் பெற்ற பிள்ளைக்குச் சோறு போடவில்லை என்று ஊரார் காதுபட எப்படிச் சொல்வது? குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு மண்டிக்கே வந்துவிடுவேன். காகிதம் மடிப்பில் கிழிய ஆரம்பித்தது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் தங்கை கேட்பாள்.

"அண்ணே, குமாஸ்தாவப் பாத்தியா?"

"அடுத்த வாரம் போறேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. ஒனக்கு மட்டும் எம்புட்டு வாரம்ணே இருக்கு?"

ஒருமுறை போனபோது அவள் பக்கத்துத் தெருவில் கூலிக்கு நெல் குத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை உரலடியில் உட்கார்ந்து தவிட்டை அள்ளித் தின்றுகொண்டிருந்தது. அன்றைக்குத் தங்கை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி தங்காமல் மதுரைக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் குமாஸ்தா முன்னால் நின்றேன்.

"எத்தன மாசமாப் பணம் வரல?"

"பதினஞ்சு, சாமி."

"இத்தன நாளா எங்கய்யா போயிருந்த, கொழும்புக்கா?" அவர் விரல் மடக்கி எண்ணினார். "ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும். முத மூணு மாசப் பாக்கி போச்சு. நீ நின்னு யோசிக்க யோசிக்க மாசாமாசம் ஒண்ணு போகும்."

வாரண்டு கிடைத்தது. போலீஸ்காரருக்கு ஆளைத் தெரியாது. அடையாளம் காட்ட என்னையும் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவன் ஒரு காளையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். கையை நீட்ட எனக்கு வரவில்லை. கால் பின்னுக்கு இழுத்தது.

"மாப்ள" என்றேன்.

திரும்பினான். முகம் மலர்ந்தது. "வா மச்சான், எப்ப வந்த? ஏன் வெயில்ல நிக்கிற?"

போலீஸ்காரர் அவன் தோளில் கை வைத்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"ஒரு வார்த்த ஏங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல மச்சான்?"

கேட்டால் கொடுத்திருப்பானா என்று தெரியாது. நான் கேட்கவில்லை என்பது தெரியும்.

காளையை விற்று நாற்பத்தெட்டு ரூபாயைக் கோர்ட்டில் கட்டினான். கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள்.

"பன்னெண்டு மாசத்துக்குத்தான் இருக்கு."

ஒரு வருஷக் கெடுவைப் பற்றிச் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

"அந்த மூணு மாசமும் இவளுக்குப் பசிக்காமயாண்ணே இருந்துச்சு?"

அடுத்த மாதம் முதல் தேதி மண்டிக்குப் போகவில்லை. விடியும்போதே மாமன் ஊருக்கு நடந்தேன். அவன் தெருவில் நுழைந்ததும் பழையபடி கால் முனைக்குத் திரும்பப் பார்த்தது. பெண்கள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர்கள்.

அவன் வாசலில் போய் நின்று, "மாப்ள, பிள்ளைக்குப் பணம்" என்றேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.