ஈஸ்ட் டப்பாவும் இருசம்மாளும்

டப்பாவின் மூடியைத் திறந்ததுமே இருசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே மஞ்சள் நிறத்தில், மீன் செதிலைக் காயவைத்து நொறுக்கியதுபோல ஏதோ கிடந்தது. அதிலிருந்து கிளம்பிய வாடை மூக்கில் ஏறித் தொண்டைக்குள் இறங்கி அங்கேயே நின்றுகொண்டது.

"இன்னா மேடம் இது? கெட்டுப் போயிருக்கே."

"கெடலக்கா. அதோட வாசனையே அப்படித்தான்" என்று சிரித்தாள் தேவிப்ரியா. "நியூட்ரிஷனல் ஈஸ்ட்னு பேரு. பால், தயிர், முட்டை எதையும் தொடாதவங்க இப்ப நம்மகிட்ட நிறைய வராங்க. அவங்களுக்கு சீஸ் ருசி வேணும்னா இதைப் போட்டுத்தான் சாலட் டிரெஸ்ஸிங் செய்யணும்."

தேவிப்ரியாவின் குடும்பம் ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பம். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தவள், வெள்ளிமலைக்குப் போகும் வழியில் அப்பா வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் நான்கு அறைகள் கட்டி, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அங்கே சமையலுக்கு வந்தவள்தான் இருசம்மாள். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சாம்பாரிலும் சாமைச் சோற்றிலும் யாரும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு நாள், தனக்கென்று நெத்திலிக் கருவாடு வறுத்தபோது மட்டும் ஒரு விருந்தாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்குள் கருவாடு வரக்கூடாது என்று ஆகிவிட்டது. இருசம்மாளும் சரியென்று விட்டுவிட்டாள்.

தேவிப்ரியா சொல்லச் சொல்ல அவள் செய்தாள். ஊறவைத்த முந்திரி, நான்கு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய், மிளகு, உப்பு. எல்லாவற்றையும் மிக்சியில் வெண்ணெயாக அரைத்தாள். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அந்த மஞ்சள் செதிலை மூன்று கரண்டி போட்டு இன்னொரு சுற்று விட்டு மூடியைத் திறந்தபோதுதான், அந்த வாடையை எங்கே மோந்திருக்கிறோம் என்று அவளுக்குப் பிடிபட்டது.

திப்பி. அதே திப்பி நாற்றம்.

சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் பதினைந்து வயதில் சேர்ந்தவள் அவள். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. அதை வாரிக் களத்தில் கொட்டிக் காயவைப்பது அவள் வேலை. வெயில் அடித்தால் தொல்லையில்லை. ரெண்டு நாள் மூட்டம் போட்டால் போதும், திப்பி புளித்து, நுரைத்து, மேலே மஞ்சளாக ஏடு படிந்துவிடும். முழங்கால் வரைக்கும் அதில் நின்று கிளறிவிட வேண்டும். கிளறினால் உள்ளேயிருந்து ஆவி வரும், புழு நெளியும். இருபத்தாறு வருடம் அதில் நின்றாள். கல்யாணமானதும் பிள்ளை பெற்றதும் அந்த நாற்றத்தோடுதான். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டு அது போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வேறு சீட் பார்த்து எழுந்து போவார்கள். மகள் தமிழ்மொழி எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பியவளைப் பார்த்து, "அப்பாவே வரட்டும்மா" என்றாள் அந்தப் பெண். இருசம்மாள் புடவையை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

கடைசியில் உள்ளங்கைத் தோல் உரிந்து, புண் ஆறாமல்போய், டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் ஆலையை விட்டாள். மலைக்கு வந்த புதிதில் தன் கையையே அடிக்கடி மோந்து பார்ப்பாள். கொத்தமல்லி வாசம், பூண்டு வாசம். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

இப்போது அதே கை மறுபடியும் நாறியது.

டிரெஸ்ஸிங் பிரபலமாகிவிட்டது. வந்தவர்கள் வெள்ளரி, முள்ளங்கி, கீரைத் தண்டு எல்லாவற்றின் மேலும் ஊற்றித் தின்றார்கள். தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினார்கள். அடுப்படிக் கதவோரம் நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம் இருசம்மாளுக்கு உமிழ்நீர் ஊறியது, பசியால் அல்ல. வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு அரைத்தாள். ஒரு தடவைகூட ருசி பார்க்கவில்லை. உப்பு சரியா என்று பார்க்கத் தேவிப்ரியாவைக் கூப்பிடுவாள்.

வைகாசியில் தேவிப்ரியா அதைப் பாட்டிலில் அடைத்து விற்பது என்று முடிவு செய்தாள். ஒரு சனிக்கிழமை காலை, வரிசையாக வைத்திருந்த பாட்டில்களில் லேபிள் ஒட்டியிருந்ததை இருசம்மாள் பார்த்தாள். மேலே ஒரு கிழவியின் படம். காதில் தொங்கட்டான், கழுத்து நிறையப் பாசிமணி, நெற்றியில் பச்சை குத்திய புள்ளிகள். முகம் மட்டும் அச்சு அசல் அவளுடையது. 'இருசாயி ஆயாவின் மலைப் பக்குவம். தலைமுறை தலைமுறையாக' என்று கீழே எழுதியிருந்தது.

"இது யாரு மேடம்?"

"நீங்கதான்க்கா! நல்லா இருக்குல்ல?"

இருசம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. பேரன் பேத்தி இல்லை. அவள் மலைக்காரியும் இல்லை. உடம்பு முழுக்க யாரோ எச்சில் கையால் தடவியதுபோல இருந்தது.

அன்றைக்கே சென்னையிலிருந்து ஷாலினி என்ற பெண் வீடியோ எடுக்க வந்திருந்தாள். சாப்பாட்டைப் பற்றி வீடியோ போடுகிறவள். இருசம்மாளை வாசலில் அம்மிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அந்த அம்மியில் யாரும் எதையும் அரைத்ததே இல்லை.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில வைங்க. 'எங்க ஆயா காலத்துப் பக்குவம், அவ்ளோ ருசி'ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க. போதும்."

தேவிப்ரியா பின்னாலிருந்து தலையாட்டினாள். இருசம்மாள் ஸ்பூனை எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு வாயில் வைத்தாள். நாக்கில் பட்டதும் வழவழவென்று பரவியது. களத்தில் கால் வழுக்கி முகம் குப்புற விழுந்த ஒரு மழை நாளில் வாய்க்குள் போன அதே சேறு. சிரிக்கத்தான் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தது. எழுந்து ஓடுவதற்குள் அம்மியின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

ஷாலினி காமிராவை அணைத்துவிட்டு நான்கடி தள்ளிப் போனாள். தேவிப்ரியா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள்.

"என்னக்கா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம். இது திப்பி நாத்தம் நாறுது." வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "இருவத்தாறு வருசம் அதுல நின்னுக்கினு இருந்தேன். எம் பொண்ணே எங்கிட்ட ஒட்டல. அதை விட்டுட்டு வந்தேன்னு நெனச்சிக்கினு கீறேன், நீங்க டப்பால அடைச்சி எடுத்தாந்து வாயில வைக்கச் சொல்றீங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா."

"எங் கருவாடு நாறுதுன்னு ஒருத்தர் சொன்னாரு, வூட்டை விட்டே ஏறக்கட்டுனீங்க. எனக்கு நாறுதுன்னு மொத நாளே சொன்னேன். சிரிச்சீங்க." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "செய்யச் சொன்னீங்க, செஞ்சேன். எங்க ஆயா செஞ்சான்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க ஆயா கூழு குடிச்சா, மேடம். அவ பேர்ல இதை விக்காதீங்க."

தேவிப்ரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபமா வெட்கமா என்று இருசம்மாள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அம்மியைக் கழுவினாள். பிறகு பாட்டில்களை எல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கி, தேங்காய் நாரால் லேபிளைத் தேய்க்க ஆரம்பித்தாள். தொங்கட்டான் போயிற்று, பாசிமணி போயிற்று. கன்னமும் கண்ணும் கூழாகிக் கையில் ஒட்டிக்கொண்டு வந்தன. தன் முகத்தைத் தானே வழித்து மண்ணில் உதறும்போது அருவருப்பாகத்தான் இருந்தது. நிறுத்தவில்லை.

ஷாலினியின் கார் மதியமே கிளம்பிப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தேவிப்ரியா குழாயடிக்கு வந்தாள். மிச்சமிருந்த ஐந்தாறு பாட்டில்களைப் பார்த்தபடி நின்றாள். வேலையை விட்டு நிறுத்தப்போகிறாள் என்றே இருசம்மாள் நினைத்தாள்.

"அந்த நாரை இப்படிக் குடுங்க" என்றாள் தேவிப்ரியா. பக்கத்தில் குந்தி ஒரு பாட்டிலை எடுத்துத் தேய்த்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. இருசம்மாளும் எதிர்பார்க்கவில்லை.

பாட்டில் வியாபாரம் நிற்கவில்லை. இப்போது வெறும் எலுமிச்சைப் படம் போட்ட லேபிள் ஒட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் இருசம்மாள் பூண்டு உரித்து, முந்திரி அரைத்து, ஜாரைத் தேவிப்ரியாவிடம் நீட்டிவிட்டு மிளகுக் கொடிப் பக்கம் போய்விடுவாள். ஈஸ்ட் போடுவதும் சுற்றுவதும் பாட்டிலில் ஊற்றுவதும் தேவிப்ரியாவின் வேலை. கடைசி மூடியை இறுக்கி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, "வாங்கக்கா" என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் இருசம்மாள் அடுப்படிக்குள் கால் வைப்பாள்.