கற்பூரத்துக்கு நின்ற இயந்திரம்

பௌர்ணமியன்று நேரம் ஆக ஆகக் கிரிவலப் பாதையில் ஆட்டோவை விடமாட்டார்கள். அதனால் காலை ஏழு மணிக்கே திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். அடி அண்ணாமலைக்கு முப்பது ரூபாய். சென்னையிலிருந்து நான் வந்தது சாமி கும்பிட அல்ல. அங்கே ஒரு விடுதியில், சமையல் கேஸிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து மின்சாரம் தரும் இயந்திரத்தை அன்று ஓட்டிக் காட்டப் போகிறார்கள்.

கொண்டுவந்தவர் கீழ்பென்னாத்தூர்க்காரரான பொறியாளர் பத்மா. இந்த இயந்திரத்துக்கு இதுவரை ஒருவர்கூட ஆர்டர் தரவில்லை. விடுதிக்காரர் ஏழுமலையும் கறாராகச் சொல்லிவிட்டார்: மாலையில் வழக்கம்போலக் கரண்ட் போகும்போது இது தாங்கினால் வாங்குவார், இல்லாவிட்டால் பழைய டீசல் ஜெனரேட்டரே போதும்.

பீரோ அளவில் இரண்டு பெட்டிகள். ஒன்றில், வாடைக்காகக் கேஸில் சேர்த்த கந்தகத்தை வடிகட்டி, கேஸை எழுநூறு டிகிரி சூட்டில் நீராவியோடு கலந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறார்கள். அடுத்ததில் அது காற்றோடு சேர்ந்து மின்சாரமாகிறது.

"அப்ப புகையே வராதுங்களா?" என்றார் ஏழுமலை.

"கரியமில வாயு வரும்ங்க. கேஸ்லேர்ந்துதானே எடுக்கறோம். டீசலவிட கம்மி."

விற்க வந்தவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பதினோரு மணிக்குச் சூடு ஏறியது. பத்மா மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, ஏழுமலை எலுமிச்சம்பழம் வைத்துத் தட்டு நிறையக் கற்பூரம் ஏற்றிவிட்டார். இந்த ஊரில் புது மிக்ஸிக்கே அது உண்டு. சைரன் அலறியது. இயந்திரம் தானாக அணைந்தது. பத்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"கற்பூரம் காட்டுனதும் நின்னுடுச்சே. மனசுக்கு சரியா படலைங்க."

"மேல இருக்கற சென்சார் கற்பூர ஆவிய கேஸ்னு நெனச்சிடுச்சு. நெஜமாவே கேஸ் கசிஞ்சாலும் இப்படித்தாங்க நிக்கும்."

ஏழுமலை மாடியை அண்ணாந்து பார்த்தார். "மேல அம்பது பேரு தூங்குவாங்க."

"அதுக்குத்தாங்க."

அவர் தட்டை வாசலுக்கு எடுத்துப்போய் மலையைப் பார்த்துக் காட்டினார்.

ஆறவைத்து மறுபடி சூடேற்ற மாலை ஐந்தாகிவிட்டது. ஆறேமுக்காலுக்குத் தெரு முழுக்க இருண்டது. விடுதி விளக்குகள் அப்படியே எரிந்தன. சென்னையில் எங்கள் குடியிருப்பில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்காது. இங்கே மாடியில் யாரோ குளிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

ஏழுமலை கைபேசியை எடுத்தார். "பழைய ஜெனரேட்டரு கேட்டல்ல? நாளைக்கு வந்து எடுத்துக்கப்பா."

பத்மா சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.