ஆறு மணி வெளிச்சத்துக்கு ஒரு பைனாகுலர்

காலை 6.40க்கு ஹனூர் நிலையத்திலிருந்து கொள்ளேகால் பஸ் புறப்பட்டது. ஜன்னலோரம் சரசு அக்கா, பக்கத்தில் நான். அக்காவைக் கல்யாணம் செய்து கொடுத்த ஊர் ஹனூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே, காட்டை ஒட்டி இருக்கிறது. நான் கோபிசெட்டிபாளையத்தில் வேலை பார்க்கிறவன். அக்காவுக்குத் துணையாக மைசூர் போய் ஒரு பைனாகுலர் வாங்கித் தரவேண்டும் என்று நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தேன்.

காரணம் மாமாதான். போன மாதம் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் பாறை என்று நினைத்து ஒரு யானைக்கு இருபதடி பக்கத்தில் போய்விட்டார். அது திரும்பியதும் ஓடியிருக்கிறார். யானை துரத்தவில்லை, ஆனால் வாய்க்காலில் விழுந்து கால் முறிந்துவிட்டது. இப்போது அவர் கட்டிலில். சாயங்காலக் காவலுக்குப் பரண் ஏறுவது அக்கா. கதிர் முற்றி நிற்கிறது, அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம்.

ஹனூரிலிருந்து கொள்ளேகால் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து மைசூர் அறுபதுக்குச் சற்று மேலே. அக்கா ஆதார் அட்டையைக் காட்டினாள். இந்த மாநிலத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நான் எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன். தி.நரசீபுரத்தில் பாலம் தாண்டும்போது காவிரி மேல் பனி இன்னும் கலையவில்லை. வழி நெடுக நான் அக்காவிடம் பைனாகுலரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். இரண்டு வாரமாகப் போனில் வீடியோ பார்த்துத் தேறியிருந்தேன். பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டுவதுதான் வேண்டும் என்பது என் முடிவு.

"தூரத்துல இருக்கறத எவ்வளவு பக்கத்துல காட்டுதோ அவ்வளவு நல்லதுக்கா."

"வாங்கறப்ப பாக்கலாம்" என்றாள். அக்கா அப்படிச் சொன்னால் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

காலை 10.15க்கு மைசூர். புறநகர் பஸ் நிலையத்திலிருந்து தேவராஜ மொஹல்லாவுக்கு நடந்தே போனோம். மார்க்கெட் வாசலில் குங்குமத்தைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருந்தார்கள். வாழைத்தார் சுமந்தவர்கள் "தாரி, தாரி" என்று வழி கேட்டுக்கொண்டே எங்களை உரசிப் போனார்கள். இரண்டாவது சந்தில் நாங்கள் தேடிய கடை இருந்தது. கண்ணாடி, கடிகாரம், கேமரா, பைனாகுலர் எல்லாம் ஒரே அறையில்.

கடையில் இருந்தவர் ஸ்டெல்லா. முப்பது வயதிருக்கும். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறினார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்.

"வேட்டைக்கு அல்லதானே? அதுக்குன்னா தரமாட்டோம். கேஸ் ஆகும்."

"நாங்க எதுக்கம்மா வேட்டைக்குப் போறோம். ஆனைதான் எங்களத் தேடி வருது" என்றாள் அக்கா. மாமாவுக்கு நடந்ததையும் சொன்னாள்.

ஸ்டெல்லா முகம் மாறியது. மூன்று பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தார். எட்டு மடங்கு, பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு. மூன்றுக்கும் முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.

கடை வாசலில் நின்றால் சின்ன மணிக்கூண்டு தெரிந்தது. பன்னிரண்டை நான்தான் முதலில் வாங்கிக் கண்ணில் வைத்தேன். கடிகார முள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. "பாருக்கா" என்று பெருமையாகக் கொடுத்தேன்.

அக்கா பார்த்தாள். "முள்ளு துள்ளுது."

"கை ஆடாம பிடிக்கணுங்க்கா" என்றேன்.

"பரண் ஏறி மூச்சு வாங்கறப்ப, ஆனை நிக்குதான்னு பயந்துட்டுப் பாக்கறப்ப, கை ஆடாம இருக்குமாடா?"

"அவங்க சொல்றதுதான் கரெக்டு, அல்வா?" என்றார் ஸ்டெல்லா. என்ன இனிப்பு என்று ஒரு கணம் விழித்தேன். 'இல்லையா' என்பதைக் கன்னடத்தில் அப்படிச் சொல்கிறார்கள். "பன்னிரண்டு மடங்கு பெருசா காட்டுறது, கை ஆடுறதையும் பன்னிரண்டு மடங்கு காட்டும் சார். பாக்கற இடமும் சின்னதாயிடும். யானை எங்கன்னு தேடுறதுக்குள்ளயே நேரம் போயிடும்."

பிறகு பைனாகுலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைக் காட்டினார். அதில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. "இந்த வட்டத்து வழியாத்தான் வெளிச்சம் கண்ணுக்கு வருது. நாற்பத்திரண்டை மடங்கால வகுத்தா இதோட அளவு. எட்டுல அஞ்சே கால் மில்லி. பன்னிரண்டுல மூணரைதான். பகல்ல வித்தியாசம் தெரியாது. இருட்டும்போது நம்ம கண்ணு உள்ள விரியும், அப்போ தெரியும்."

என் இரண்டு வார வீடியோவில் இதை யாரும் சொல்லவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை. ஆனாலும் விட மனமில்லை. பத்து மடங்காவது வாங்கலாம் என்றேன்.

அக்கா மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். "பகல்ல எல்லாமே நல்லாத்தான் தெரியும். எனக்கு ஆறு மணிக்குத் தெரியோணும். சாயங்காலம் வாரமுங்க."

"அக்கா, ஏழு மணி பஸ்ஸை விட்டா கொள்ளேகால்ல இருந்து ஹனூருக்கு வண்டி கிடைக்காது."

"அப்ப ஏழுக்குள்ள பாத்துருவோம்."

ஏழு மணி நேரம் மைசூரில் சும்மா இருந்தோம். மதியம் எழுபது ரூபாய்ச் சாப்பாடு. அரண்மனை மதிலோர மர நிழலில் அக்கா முந்தானையை விரித்துத் தூங்கினாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் இந்த ஊருக்கு அவள் வருவது ஐந்தாவது தடவையாம், முந்தைய நான்கும் ஆஸ்பத்திரிக்கு. நான் விழித்திருந்து, பஸ் போய்விட்டால் எங்கே தங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாலை 5.50க்கு மறுபடி கடை. ஸ்டெல்லா வாசல் விளக்கை அணைத்துவிட்டு எங்களோடு வெளியே வந்து நின்றார். சந்தின் அந்தக் கோடியில் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று; கீழே வளைவு, உள்ளே தள்ளுவண்டிகள் நிற்கும் இடம். 6.10க்கு அந்த வளைவு கரியைப் பூசினாற்போல் ஆகிவிட்டது.

"உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

நான் பன்னிரண்டை எடுத்தேன். பெரிய இருட்டு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பத்தில் சக்கரம் மாதிரி ஏதோ தெரிந்தது. அக்கா எட்டை வாங்கிக் கண்ணில் வைத்து, வெகுநேரம் அசையாமல் நின்றாள்.

"ரெண்டு வண்டி. அந்தாண்ட வண்டி மேல ஒரு ஆளு படுத்திருக்காரு. சக்கரத்துக்குக் கீழ..." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒரு ஆடு. கறுப்பு ஆடு."

நான் நம்பவில்லை. சந்தைத் தாண்டி வளைவுக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு வண்டி. ஒரு கூலிக்காரர் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். சக்கரத்துக்கு அடியில் கன்னங்கரேலென்று ஓர் ஆடு அசை போட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பி வந்த முகத்தைப் பார்த்தே இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

எட்டு மடங்கு, ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய். ஸ்டெல்லா அதன் வாரை அக்காவின் கழுத்துக்குச் சரியாக இருக்கும்படி சுருக்கிக் கொடுத்தார். ஆட்டோ பிடித்து ஓடி, நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் 6.58க்கு ஏறினோம்.

மறுநாள் காவலில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் மாலை 5.45க்கு நானும் அக்காவோடு பரண் ஏறினேன். கீழே மூன்று ஏக்கர் சோளம். அதற்கு அப்பால் அகழி, முள்புதர், ஓடை. ஓடையை ஒட்டி முந்நூறு மீட்டர் தள்ளிப் பாறைக் கூட்டம். பாறைகளுக்கும் புதருக்கும் நடுவே ஒரு மண்பாதை போகிறது. பக்கத்து நிலத்துப் புட்டசாமி, பால் ஊற்றப் போய்விட்டுத் தினமும் ஆறேகாலுக்கு மொபெட்டில் வருகிற பாதை.

6.05. என் கண்ணுக்குப் பாறைகள் மட்டும் தெரிந்தன. அக்கா இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"குமாரு, நேத்து அங்க மூணு பாறைதான் இருந்துச்சு."

நான் எண்ணினேன். ஐந்து.

"காது ஆட்டுது" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "ரெண்டு பெருசு. நடுவுல ஒரு குட்டி."

குட்டியோடு நிற்கும் யானைக்குப் பத்தடி பக்கத்தில்தான் பாதை. அக்கா பைனாகுலரை இறக்கவே இல்லை. ஒரு கையால் போனை எடுத்து என்னிடம் நீட்டி, "புட்டசாமிக்குப் போடு" என்றாள். நான்காவது மணியில் எடுத்தார். போனை அக்காவின் காதில் வைத்தேன். அக்கா கன்னடத்தில் மூன்றே வார்த்தை சொன்னாள். "பரபேடா. அல்லே நில்லு." வராதே, அங்கேயே நில்.

ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மொபெட்டின் விளக்கு நின்று, அணைந்தது. பின்சீட்டில் அவருடைய பத்து வயது மகளும் இருந்தாள் என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த அழைப்பு வனத்துறைக்கு. அவர்கள் வரும்வரை பரணில் இருந்தபடியே அக்கா ஒவ்வொரு அசைவையும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஓடைக்கு இறங்குது... குட்டி பின்னால... திரும்பிருச்சு." ஜீப் வந்து, விளக்கடித்து, இரண்டு பட்டாசு போட்டார்கள். மூன்றும் மேற்கே காட்டுக்குள் போயின. ஒரு கதிர் முறியவில்லை. ஒருவருக்கும் கீறல் இல்லை.

நாங்கள் இறங்கியபோது பரணடியில் புட்டசாமி மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். அக்காவைப் பார்த்துக் கை கூப்பினார். வீட்டில் மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நடந்ததை அக்காவை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டார். மூன்றாம் தடவை அவரே வந்தவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் நான் பர்கூர் மலை வழியாக அந்தியூர் இறங்கி, மாலையில் கோபி வந்து சேர்ந்தேன். எங்கள் வாய்க்கால் கரையில் அந்த நேரத்தில் பிள்ளைகள் விளக்கில்லாமல் சைக்கிள் விடுவார்கள்; பெண்கள் வயலிலிருந்து ஊர்க்கதை பேசியபடி வருவார்கள். இருட்டுக்குள் என்ன நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. இதே பொழுதில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் அக்கா பரண் ஏறிக்கொண்டிருப்பாள். மாமா விழுந்த நாளிலிருந்து அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கும். அன்று கரையோரம் நடந்து வீட்டுக்குப் போகும்போது, எதிரே வந்தவர்களிடமெல்லாம் என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும் போல் இருந்தது. இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன்.